பொங்கிய கல்

கல் பட்டறை முதலாளிக்குத் தர வேண்டிய பாக்கி நாற்பத்தோராயிரத்து எழுநூற்று ஐம்பது. கணக்கர் அதை எண்ணிலும் எழுத்திலும் எழுதி, அடியில் நெட்டையனிடம் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார். கையெழுத்துப் போடுகிற நேரம் பார்த்து நெட்டையனுக்கு இருமல் வந்துவிட்டது. பேனா இழுத்துக்கொண்டு போய், பேரின் கடைசி எழுத்துக்கு வால் முளைத்ததுபோல் ஒரு கோடு தாளின் ஓரம் வரைக்கும் ஓடியிருந்தது.

அதில் இருபத்தைந்தாயிரம் வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கிய முன்பணம். பதினாலு வருஷம் உழைத்தும் அது குறையவில்லை. ஒரு பக்கம் கழியும், இன்னொரு பக்கம் ஏறும். கூரை மாற்றியது, மகளைக் கட்டிக்கொடுத்தது, தேய்ந்த பிளேடுக்குப் பிடித்தது, கடைசி ஏழு மாதம் வேலைக்கு வராமல் படுத்துக் கிடந்தது என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கரிடம் ஒரு வரி இருந்தது. பாக்கி தீரும்வரை நெட்டையனின் பெண்டாட்டி வேறு பட்டறைக்குப் போக முடியாது. அப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் பாக்கி உள்ள ஆளை மற்ற பட்டறைக்காரர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பட்டறையில் அவளுக்கு ஆசிட்டம்மா என்று பேர். அறுத்து வரும் பலகைக் கற்களில் படிந்திருக்கும் கறையை ஆசிட் தண்ணீரில் கழுவி எடுப்பது அவள் வேலை. சிமெண்டுத் தொட்டி, ஒரு பிரஷ், விரல் நுனியில் ஓட்டை விழுந்த ரப்பர் கையுறை. ஒன்பது வருஷமாக அதே தொட்டி. "ஆசிட்டம்மாகிட்ட வாயைக் குடுக்காதே, பல்லு கரைஞ்சுடும்" என்று லோடு ஏற்றுகிறவர்கள் கிண்டல் செய்வார்கள். "உன் பல்லைக் கரைக்க ஆசிட் எதுக்கு, பாக்கு போதும்" என்பாள் அவள்.

நெட்டையன் விளிம்பு அறுப்பவன். பெரிய இயந்திரம் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு பலகை போடும். விளிம்பை நேராக்குவது கைக் கட்டரில். அதற்குத் தண்ணீர் கிடையாது. கட்டர் கல்லைத் தொட்டதும் எழும்புகிற தூசியில் எதிரே நிற்பவன் முகம் தெரியாது. வாயில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு பதினாலு வருஷம் அதற்குள் நின்றான். ஆறடிக்கு மேலே ஒரு சாண் வளர்ந்தவன், இப்போது கட்டிலில் முதுகைச் சுவருக்குக் கொடுத்து மடங்கி உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு நின்றுவிடும்போல் இருந்தது. கட்டிலுக்கு அருகில் காற்று இழுத்துக் கொடுக்கும் இயந்திரம் ஒன்று முனகிக்கொண்டிருந்தது. அதற்கு நாள் வாடகை நூற்றெண்பது. அவளுடைய நாள் கூலி முந்நூற்றிருபது.

மருத்துவர் நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார், "இது கல்லுத் தூசிம்மா. உள்ள போனது வெளியே வராது. இருக்கிற நுரையீரலை வச்சு ஓட்டணும். தொழிலாளர் வாரியத்துல எழுதிப் போடு. நிவாரணம் தருவாங்க."

எழுதிப் போட்டாள். வாரியத்தின் பட்டியலில் இரண்டே கல்லின் பேர் இருந்தது. கருங்கல், மணல்கல். இந்த இரண்டை அறுத்து நோய் வந்தவனுக்குத்தான் பணம். முதலாளியின் பதிவேட்டிலோ முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சுண்ணாம்புக்கல் என்றே எழுதியிருந்தது. மணல்கல் என்று எழுதினால் கைக் கட்டருக்கும் தண்ணீர்க் குழாய் வைக்க வேண்டும், முகமூடி வாங்கிக் கொடுக்க வேண்டும். சுண்ணாம்புக்கல்லுக்கு அந்தச் செலவு இல்லை.

சரிபார்க்க ஓர் ஆய்வாளர் வந்தார். வயசு முப்பதுக்குள் இருக்கும், சட்டைப் பையில் இரண்டு பேனா. பட்டறை வாசலில் நின்றுகொண்டு, "நீங்க அறுக்கிற கல்லுல ஒரு துண்டு குடுங்கம்மா" என்றார்.

அங்கேதான் அவள் தவறு செய்தாள்.

பட்டறையில் கல்லை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒன்றுக்கு வெள்ளை என்று பேர். இறுக்கமாக இருக்கும், பாலிஷ் ஏறும், நல்ல விலை போகும். மற்றதற்கு உதிரி என்று பேர். செம்மண் நிறத்தில் இருக்கும், கையால் தேய்த்தாலே பொடி கொட்டும், நடைபாதைக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் போகும். ஆபீஸிலிருந்து ஒரு மனிதர் வந்து கல் கேட்கிறார். அவருக்கு உதிரியையா கொடுப்பது? யார் வந்து கல் கேட்டாலும் வெள்ளையைக் காட்டித்தான் அவளுக்குப் பழக்கம். இருப்பதிலேயே நல்ல வெள்ளைத் துண்டாகத் தேடி எடுத்து, தண்ணீரில் அலசி, துணியால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

ஆய்வாளர் சின்னக் குப்பியைத் திறந்து அதன்மேல் நாலு சொட்டு ஆசிட் விட்டார். சுர்ரென்று நுரை பொங்கியது. படிவத்தில் ஒரே ஒரு கேள்வி. அமிலத்தில் பொங்குகிறதா? ஆம் என்ற கட்டத்தில் டிக் போட்டார். பிறகு கல்லை இரண்டாக உடைத்து, தனித்தனித் துணிப்பையில் போட்டு, வாயைக் கட்டி முத்திரை வைத்தார். ஒன்று ஆபீஸுக்கு, ஒன்று அவளுக்கு.

"அப்ப என்னங்க சார் எழுதியிருக்கு?"

"சுண்ணாம்புக்கல்னு."

முதலாளி கணக்கர் மேஜையில் சாய்ந்துகொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். "பாத்தியாம்மா, கல்லே சாட்சி சொல்லிடுச்சு" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

வாரியத்தில் விசாரணைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. மறுநாளே உதிரிக் கல் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு ஆய்வாளரின் ஆபீஸுக்குப் போனாள். இரண்டு பஸ் மாறி, நாலு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தாள்.

"சார், இதையும் பாருங்க. இதுல சொட்டு விடுங்க, பொங்காது."

அவர் கல்லைக் கையில் வாங்கவில்லை. "நீங்க கொண்டாந்தது எந்தப் பட்டறைக் கல்லுன்னு நான் எப்படிம்மா எழுதறது? முத்திரை வச்சது எதுவோ அதுதான் கணக்கு. வேணும்னா ஆய்வகத்துக்கு எழுதிப் போடுங்க. கட்டணம் ஆறாயிரம். முடிவு வர நாலு மாசம் ஆகும்."

"நாலு மாசம் இருப்பாரான்னு டாக்டரே சொல்லலீங்க சார்."

அவர் பேனாவை மூடித் திறந்தார். "எனக்குப் புரியுதும்மா. நான் என்ன செய்ய?"

வீட்டுக்கு வந்து கல்லைக் கட்டில் காலடியில் வைத்தாள். நெட்டையன் அவள் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துகொண்டான்.

"வெள்ளையைக் குடுத்தியா?" என்றான். அதுவரை அவனிடம் அதைச் சொல்லாமல் இருந்தாள்.

"குடுத்தேன்."

"அதுக்கென்ன, வெள்ளையும் மணல்கல்லுதான்." நாலு வார்த்தைக்கு ஒரு தரம் நிறுத்தி மூச்சு வாங்கினான். "பதினாலு வருஷம் அறுத்தவன் சொல்றேன். சுண்ணாம்புக்கல்லுன்னா, பிளேடு மூணு மாசம் வரும். இது மூணு வாரத்துல தேஞ்சு போவுது. எது தின்னுது? மணல்தான் தின்னுது."

"அதைச் சொன்னா எழுதிக்குவாங்களா?"

"கல்லுல இருக்கிற வரியைப் பாரு. ஒரு வரி வெளிர். ஒரு வரி கருப்பு. தண்ணி இழுத்துட்டு வந்து போட்டது. ஒரு வெள்ளம், ஒரு வரி. அடுத்த வெள்ளம், அடுத்த வரி. மேல மேல பாரம் ஏறி இறுகிடுச்சு." இருமல் வந்தது. அவள் முதுகைத் தேய்த்துவிட்டாள். அது அடங்க வெகுநேரம் ஆயிற்று. "ஒண்ணுதான் எனக்கு விளங்கல. உதிரியும் மணலு, வெள்ளையும் மணலு. அப்புறம் ஏன் ஒண்ணு உதிருது, ஒண்ணு இறுகுது?"

"இப்ப அதுவா முக்கியம்? பேசாம இருங்க. பேசினா காத்து செலவாவுது."

"வாடகைக் காத்துதானே" என்று சிரிக்கப் பார்த்தான்.

அந்த வாரம் முழுக்க அவளுக்குத் தூக்கம் இல்லை. என் கையால் எடுத்துக் கொடுத்தேன், அலசித் துடைத்துக் கொடுத்தேன் என்பதே உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அழுக்கும் பொடியுமாக ஓர் உதிரியை எடுத்துக் கொடுத்திருந்தால் இந்நேரம் காரியம் முடிந்திருக்கும். மகளுக்குப் போன் செய்தாள். மகள் அழுதாள், மாப்பிள்ளை மூவாயிரம் அனுப்பினார். அது இயந்திர வாடகைக்குப் போயிற்று.

விசாரணைக்கு மூன்று நாள் இருக்கும்போது, காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பட்டறைத் தொட்டியில் வாராவாரம் அடியில் படிகிற மணலைத்தான் அவள் பாத்திரம் தேய்க்கக் கொண்டுவருவது. அங்கே வேலை செய்கிற எல்லாப் பெண்களுமே டப்பாவில் அள்ளிப் போவார்கள். கடைத்தூளைவிட நன்றாகத் துலக்கும். கை அதன்பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டே இருந்தது. கரகரவென்ற சத்தத்தில் சட்டென்று கை நின்றது.

இந்த மணல் எங்கிருந்து வந்தது?

தொட்டிக்குள் போவது தண்ணீர், ஆசிட், கல். வேறு ஒன்றும் கிடையாது. மணல் யாரும் கொட்டுவதில்லை. உதிரியைத் தொட்டியில் கழுவுவதும் இல்லை, பாலிஷ் போடுகிற வெள்ளையைத்தான் கழுவுவார்கள். கழுவும்போது நுரை பொங்கும். பொங்கி அடங்கினால் அடியில் மணல் நிற்கும். ஒன்பது வருஷமாக அள்ளி அள்ளிக் கொண்டுவந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

அன்றைக்குப் பட்டறையில் கட்டை விரல் அளவு வெள்ளைச் சில்லு ஒன்றைப் பழைய ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டு, ஆசிட் ஊற்றித் தொட்டிக்குப் பின்னால் வைத்தாள். அரை மணிக்கு ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். பொங்கியது, அடங்கியது. கல் கொஞ்சம் இளைத்து அப்படியே இருந்தது. பிறகு பழைய ஆசிட்டைக் கொட்டிப் புதிதாக ஊற்றினாள். மறுபடியும் பொங்கியது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பாட்டிலைத் தூக்கி ஆட்டினாள். கல் இல்லை. இரண்டு தேக்கரண்டி மணல் இருந்தது.

வீட்டுக்கு ஓடிவந்து பாட்டிலை நெட்டையன் கண்ணுக்கு நேரே பிடித்தாள். "பசைங்க. பொங்கினது பசை. மணலுக்கு நடுவுல சுண்ணாம்பு போய் உக்காந்து ஒட்டவச்சிருக்கு. அதான் வெள்ளை இறுக்கம். உதிரிக்கு அந்தப் பசை இல்லை, வெறும் செம்மண்ணுதான் பிடிச்சு வச்சிருக்கு. அதான் உதிருது."

நெட்டையன் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். "இது எனக்குள்ள எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டான். அவள் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டாள்.

விசாரணை ஒரு வியாழக்கிழமை. வாடகைக் காரில் அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு மணி நேரத்துக்குத் தாங்கும் சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று மடியில். மாடிப்படி பதினெட்டு. ஆறாவது படியில் ஒரு தரம், பதினொன்றில் ஒரு தரம் உட்கார வைத்து ஏற்றினாள். மேலே நீளமான அறை, கண்ணாடி போட்ட பெரிய மேஜை, அதற்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் வாரியத் தலைவர், நரைத்த முடியை இறுக்கி முடிந்த அம்மா. ஒரு பக்கம் வாரிய மருத்துவர், இன்னொரு பக்கம் அந்த ஆய்வாளர். எதிர் நாற்காலியில் முதலாளியும் கணக்கரும்.

தலைவர் தாளைப் புரட்டினார். "பொங்கிச்சா?"

"பொங்கிச்சு மேடம். நல்லாவே பொங்கிச்சு" என்றார் ஆய்வாளர்.

"படம் என்ன சொல்லுது?"

"படத்துல மணல்தூசி மாதிரிதான் தெரியுது" என்றார் மருத்துவர். "ஆனா காசநோய் வந்து ஆறினாலும் இப்படித் தெரியலாம். கல்லு எதுன்னு முடிவானா நான் எழுதிடுவேன்."

"அப்புறம் என்னம்மா? நீ ஏதாவது சொல்லணுமா?"

ஆசிட்டம்மா எழுந்து நின்றாள். "பொங்கினது கல்லு இல்லீங்க மேடம். பசை."

"என்ன பசை?"

"மணலை ஒட்டவச்சிருக்கிற பசைங்க. அது சுண்ணாம்பு. ஆசிட்டு அதைத் தின்னுட்டு மணலை விட்டுடும். இங்கயே காட்டறேன். முத்திரை வச்ச கல்லுலயே காட்டறேன். ஒரு கண்ணாடி டம்ளரும் ஒரு மணி நேரமும் குடுங்க."

முதலாளி சிரித்தார். "ஒரு மணி நேரம் ஆசிட்டுல ஊறவச்சா நானே கரைஞ்சுடுவேன் மேடம்."

"உங்களை யாரும் ஊறவைக்கல. உக்காருங்க" என்றார் தலைவர். அறை வாசலில் இருந்த ஊழியரைப் பார்த்து, "டம்ளர் கொண்டாங்க" என்றார்.

எல்லோர் கண்ணெதிரிலும் ஆபீஸ் பையின் முத்திரையை உடைத்தார்கள். ஆய்வாளர் ஒரு சில்லு தட்டி எடுத்து டம்ளரில் போட்டார். தன் குப்பியை முழுதாகக் கவிழ்த்தார். நுரை விளிம்பு வரை எழும்பியது. ஓசையோடு கொதித்தது. முதலாளி கையை விரித்துக் காட்டினார். "இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"இருங்க" என்றார் தலைவர். "அடுத்த கேஸைக் கூப்பிடுங்க. இது ஓரமா இருக்கட்டும்."

டம்ளரை மேஜையின் மூலைக்கு நகர்த்தினார்கள். யாரோ ஒருவர் விரல் போன கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அவள் சுவரோரம் நெட்டையன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சிலிண்டர் முள்ளைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள், மறுபடியும் முள்ளைப் பார்த்தாள். முள்ளும் நுரையும் இறங்கிக்கொண்டிருந்தன.

முதலாளி நடைக்கு வந்து அவளைக் கண்ணால் கூப்பிட்டார். போனாள்.

"ஏம்மா, நான் உனக்கு எதிரியா? நெட்டையன் என்கூட பதினாலு வருஷம் இருந்தவன். இந்த டம்ளரை எடுத்துட்டு, தெரியாம எழுதிட்டேன்னு சொல்லிடு. நாப்பத்தோராயிரத்து சொச்சம், அந்தத் தாளை இங்கயே கிழிச்சுடறேன். மேல ஒரு பத்தாயிரம் கையில குடுக்கறேன். இன்னிக்கே."

பத்தாயிரம் என்றால் ஐம்பத்தைந்து நாள் காற்று. நாளைக்கே வேறு பட்டறைக்கும் போகலாம். டம்ளரில் மணல் நிற்காவிட்டால் இதுவும் போய்விடும். ஊறுகாய்ப் பாட்டிலில் நின்றது இங்கேயும் நிற்கும் என்று யார் கண்டது?

"அவரைக் கேட்டுட்டு வரேன்" என்றாள்.

நெட்டையன் குனிந்து காது கொடுத்துக் கேட்டான். மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தான்.

"அவர் அவ்வளவு தராருன்னா," என்றான், "அவருக்கே தெரியும், அது மணலுன்னு."

அவள் நடைக்குத் திரும்பவில்லை.

அரை மணி கழித்து டம்ளரில் சத்தம் நின்றது. ஆய்வாளர் எட்டிப் பார்த்தார். "நின்னுடுச்சு மேடம். கல்லு அப்படியேதான் இருக்கு."

"அப்ப அவ்வளவுதானே" என்றார் முதலாளி.

அவள் ஓடி வந்தாள். "இல்லீங்க மேடம், ஆசிட்டு களைச்சுப்போச்சு. தின்னு தின்னு அதுக்கு வீரியம் போயிடும். புதுசா ஊத்தணும். தொட்டியில நாங்க தினமும் ரெண்டு வாட்டி மாத்துவோம்."

"என் குப்பி காலி" என்றார் ஆய்வாளர்.

அவள் பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். பட்டறை ஆசிட் கொண்டுவந்திருந்தாள்.

"அதை விடக் கூடாது" என்றார் முதலாளி. இப்போது சிரிப்பு இல்லை. "அதுல என்ன கலந்திருக்காளோ. மணலையே கலந்திருப்பா."

தலைவர் யோசித்தார். "அவர் சொல்றது நியாயம்மா. வெளியிலேர்ந்து கொண்டாந்ததை நான் ஒத்துக்க முடியாது."

பாட்டில் கையில் கனத்தது. நெட்டையனின் சிலிண்டர் முள் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. இன்னொரு நாள் தாருங்கள் என்று கேட்டால் அந்த நாள் எப்போது வரும், அதுவரை யார் இருப்பார்? அறை ஓரத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுப் பெண் மாப்பை நிறுத்திவிட்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரஷும் வாளியும் பிடித்த கை. ஆசிட்டம்மா அவளைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"அக்கா, கக்கூஸ் கழுவ என்ன ஊத்துவீங்க?"

"ஆசிட்டுதான். இவங்க வாங்கித் தர மலிவு ஆசிட்டு. மஞ்சக் கறைகூடப் போவாது."

அறையில் யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "கொண்டாங்க" என்றார். "ஆபீஸ் பொருள்தானே. இதுல யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?"

பிளாஸ்டிக் கேன் வந்தது. களைத்த ஆசிட்டை வடித்துவிட்டு ஆய்வாளர் புதிதாக ஊற்றினார். நாற்றம் மூக்கில் ஏறியது. தலைவர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். கல் மறுபடியும் பொங்கியது. அடுத்த கேஸை யாரும் கூப்பிடவில்லை. எல்லோரும் டம்ளரையே பார்த்தார்கள். பத்து நிமிஷம் போயிற்று. நுரைக்கு உள்ளே சில்லின் ஒரு மூலை மெல்லச் சரிந்தது. பிறகு இடுப்பு ஒடிந்ததுபோல் மொத்தமும் உட்கார்ந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் பொங்கியது. பிறகு பொங்குவதற்கு ஒன்றும் இல்லை.

ஆய்வாளர் தண்ணீர் விட்டு இரண்டு தரம் அலசி வடித்தார். அடியில் நின்றதைத் தாளில் கொட்டி, பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார்.

"மணல்தான் மேடம்" என்றார். "உருண்டை உருண்டையா இருக்கு. தண்ணியில உருண்டு வந்த மணல்." ஒரு சிட்டிகை எடுத்து மேஜைக் கண்ணாடிமேல் வைத்து விரலால் அழுத்தி இழுத்தார். கரகரவென்றது. விரலை எடுத்ததும் கண்ணாடியில் நாலைந்து வெள்ளைக் கோடு இருந்தது. "சுண்ணாம்பா இருந்தா இப்படிக் கீறாது."

"அந்தக் கண்ணாடி போன மாசம்தான் மாத்தினது" என்றார் தலைவர். பிறகு, "உங்க படிவத்துல ஏன் இது இல்ல?"

"என் படிவத்துல ஒரு கேள்விதான் மேடம் இருக்கு" என்றார் அவர். காது சிவந்துபோயிருந்தது.

மருத்துவர் ஏற்கெனவே எழுத ஆரம்பித்திருந்தார். முதலாளி எழுந்து, அந்தப் பாக்கித் தாளை மேஜையில் வைத்தார். நிவாரணத்தில் இதைக் கழித்துத் தர வேண்டும் என்றார்.

"அது உங்களுக்குள்ள இருக்கிற கணக்கு. இங்க வராது" என்று தலைவர் தாளைத் திருப்பித் தள்ளினார்.

நெட்டையனைப் படியில் இறக்கும்போது ஆய்வாளரும் ஒரு பக்கம் தோள் கொடுத்தார். கீழே வந்ததும் சிலிண்டர் தீர்ந்தது. வீடு போய்ச் சேரும்வரை காரின் கண்ணாடியை இறக்கிவிட்டு, அவன் முகத்தை வெளிக்காற்றுக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பணம் வர ஒன்பது வாரம் ஆயிற்று. ஒரு லட்சத்து அறுபதாயிரம். அதோடு மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு, அவர் இருக்கும்வரை என்று உத்தரவில் எழுதியிருந்தது. அந்தக் கடைசி வரியை நெட்டையன் தானே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "எவ்வளவு நாள் இருக்கணும்னு போடல, நல்ல வேளை" என்றான். ஐம்பத்தெட்டாயிரத்துக்கு இயந்திரத்தைச் சொந்தமாக வாங்கினாள். அவனால் இப்போது கட்டிலைவிட்டு இறங்க முடிவதில்லை. வலப்பக்க நுரையீரல் வேலை செய்யவில்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இடப்பக்கத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இயந்திரம் வாங்கிய மறுநாள் காலையில் பட்டறைக்குப் போனாள். கைக் கட்டரில் வேறு ஒருவன் நின்றிருந்தான், முகத்தில் துண்டு கட்டியிருந்தான். கட்டருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு தண்ணீர்க் குழாய் தொங்கியது. குழாயில் தண்ணீர் இல்லை. கணக்கர் மேஜையில் நோட்டுக் கட்டை வைத்தாள்.

"எவ்வளவு?" என்றார் கணக்கர்.

"எண்ணிக்குங்க."

அவர் எண்ணினார். விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு மறுபடியும் எண்ணினார். உள்ளேயிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். "அன்னிக்கே கிழிச்சுடறேன்னு சொன்னேன். கேட்டியா நீ?"

"கிழிச்சா பாக்கி இருந்த மாதிரியே இருக்கும் முதலாளி. கட்டினாத்தான் தீரும்."

அவர் உள்ளே போய்விட்டார். கணக்கர் நோட்டைப் பிரித்து, நெட்டையனின் பக்கத்தைத் தேடி எடுத்து, மேலிருந்து கீழ்வரை குறுக்கே இரண்டு கோடு இழுத்தார். அடியில் பாக்கி இல்லை என்று எழுதினார். எழுதும்போது இருமினார், அவருக்கும் கொஞ்ச நாளாக இருமல் இருந்தது.

"நாளைக்கு வருவியா?" என்று தலை நிமிராமல் கேட்டார். "தொட்டிக்கு ஆள் இல்ல."

"வேற பட்டறையில சொல்லி வச்சிருக்கேன். பாதி நாள் வேலை. மீதி நேரம் அவர் பக்கத்துல இருக்கணும்."

"அங்க என்ன கல்லு?"

"இதே கல்லுதான். வேற எங்க போறது?"

அவர் பேனாவை மூடப் போனார்.

"பாக்கி இல்லைன்னு எண்ணிலயும் எழுதுங்க" என்றாள்.

கணக்கர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் ஒரு பூஜ்யம் போட்டார்.